மேவிஸ் சீட்டைக் கலைக்கும் நேரம்

1986 செப்டம்பர் 9, செவ்வாய்

தொப்பி வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? வீட்டிலும் சொன்னேன், காரிலும் சொன்னேன். எல்கோவிலிருந்து வந்த மாட்டுத்தீவன வியாபாரி என்று வேஷமாம், தொப்பி இல்லாமல் எப்படி வருவான் என்கிறான் என் புருஷன் ஓரின். அவ்வளவு பெரிய தொப்பியை எந்தத் தீவன வியாபாரியும் போட்டு நான் பார்த்ததில்லை. சீட்டு எண்ணுகிறவர்களைப் பிடிக்கவென்றே ஒருவன் மாடியில் காமிராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் முதலில் யாரைப் பார்ப்பான்?

இத்தனைக்கும் எண்ணுவது நான். சின்னச் சீட்டு விழுந்தால் ஒன்று கூட்டு, பெரிய சீட்டு விழுந்தால் ஒன்று கழி. சீட்டுப் பெட்டியில் இனி வரப்போவதில் பெரிய சீட்டு நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் அப்போது பெரிய பணம் வை. இருபத்தொன்று மேசையில் வித்தை இவ்வளவுதான். இது குற்றம் இல்லை. ஆனால் கண்டுபிடித்தால் இனி இந்தப் பக்கம் வராதே என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு காதில் நம்பரும் மறு காதில் சண்டையுமாகக் காலம் தள்ளியவளுக்கு இரைச்சலில் எண்ணுவது பெரிய காரியமில்லை. ஓரினுக்கோ பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், கணக்கு போய்விடும். அதனால் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, இருப்பதிலேயே குறைந்த பணத்தை வைத்து, அசட்டுக் கேள்விகள் கேட்டுக்கொண்டே எண்ணுவேன். கணக்கு நமக்குச் சாதகமானால் கன்னத்தில் கை வைப்பேன். முன்பின் தெரியாதவன் மாதிரி ஓரின் வந்து, "இந்த நாற்காலி காலியா?" என்று கேட்டு உட்காருவான், பெரிய பணம் வைப்பான். ஜெயித்தால் அவன் திறமை. தோற்றால் என் கணக்குத் தப்பு.

ரீனோவில் மற்ற சூதாட்ட விடுதிகள் எல்லாவற்றிலும் ஓரினை வராதே என்று சொல்லியாயிற்று. இந்த காப்பர் லான்டர்ன் ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் நாட்டின் மறுகோடியில் அட்லாண்டிக் சிட்டியாம். போகட்டும், நான் வரவில்லை. போய்ஸியில் பெர்னீஸ் தன் திரைச்சீலைக் கடையின் பின்னறையை எனக்கு ஒழித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இந்த இடம் கைவிட்டுப் போகிற அன்று நான் என் தங்கையிடம் போகிறேன். ஓரினிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழப்போவதில்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

இந்தப் பூனைகளை ஓரின் தலையில் கொட்ட வேண்டும்.

அவன் வந்து உட்கார்ந்ததும் கணக்கு எத்தனை என்று நான் சொல்லியாக வேண்டும். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி பூனை. "எங்க வீட்டுல ஆறு பூனைங்க" என்றால் கணக்கு ஆறு. நான் பூனை வளர்த்ததே இல்லை. பூனை மயிர் பட்டால் ஓரின் நாள் முழுக்கத் தும்முவான்.

பகலில் எங்கள் மேசைக்குச் சீட்டுப் போடுவது மேவிஸ். கழுத்தில் சின்னச் சிலுவை, சிவப்புச் சாயம் பூசிய நகம், என் வயது இருக்கும். எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான். இன்று சீட்டைப் போட்டுக்கொண்டே நிமிராமல் கேட்டாள்: "செவ்வாக்கிழமை நாலு பூனைன்னே. இப்ப ஒன்பதுங்கிறே. குட்டி போட்டுச்சா கண்ணு?"

"ஆமா."

"மூணு நாளுக்குள்ளயா?"

"ரெண்டு பூனை போட்டுச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

காரில் ஏறியதும் இந்த மனுஷன் சொல்கிறான்: "கொஞ்சம் யோசிச்சுப் பேசக் கூடாதா வெர்னா?" நான் யோசிக்க வேண்டுமாம்! ஆறு கட்டுச் சீட்டை மண்டையில் சுமந்துகொண்டு, அசடு மாதிரி சிரித்துக்கொண்டு, இல்லாத பூனைகளுக்குப் பிரசவமும் பார்த்துக்கொண்டு!

மேவிஸ் சீட்டைக் கலைக்கும் நேரம் ஒன்றுதான் எனக்கு ஓய்வு. பெட்டியில் செருகியிருக்கும் வெட்டுச் சீட்டு வெளியே வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, ஆறு கட்டையும் கலைத்து அடுக்கி மறுபடி பெட்டிக்குள் வைக்க நேரமாகும். அப்போது எண்ண ஒன்றுமில்லை, சைகை ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொள்வேன். உடனே எழுந்து போனால் சந்தேகம் வரும் என்று ஓரின் சும்மா உட்கார்ந்திருப்பான்.


செப்டம்பர் 16, செவ்வாய்

ஓரினின் கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டு இழுத்தாயிற்று, வெண்ணெய் தடவி இழுத்தாயிற்று. "விடு, யார் பாக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு வெண்ணெய்க் கையோடு கதவைத் திறந்து போனான். நான் என்னுடையதை வழக்கம்போலச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். என்னுடையது தானாகவே கழன்று வருகிறது.


செப்டம்பர் 19, வெள்ளி



மேசைகளை மேற்பார்க்கும் கார்வி இன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். போகவே இல்லை. எனக்குப் பன்னிரண்டு, மேவிஸ் கையில் பத்து. எந்தக் குழந்தைக்கும் தெரியும் இன்னொரு சீட்டு வாங்க வேண்டும் என்று. வேண்டாம் என்று சொல்லித் தோற்றேன். அசடு என்று நம்பட்டும் என்றுதான். அப்போதும் போகவில்லை. கடைசியில் குனிந்து, சிரித்த முகத்தோடு கேட்டான்: "அம்மா, அந்தப் பெரிய தொப்பிக்காரர் நீங்க இருக்கிற மேசைக்கு மட்டும்தான் வர்றாரு. ஏன்?"

 இருபது விதமான பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மேவிஸ் சொன்னாள்: "ஏன் கார்வி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அந்த ஆளு சீட்டையா பாக்கறாரு? இந்தம்மாவைல்ல பாக்கறாரு!"

கார்வி என்னைப் பார்த்தான். தூணுக்குப் பின்னால் தொப்பி தெரிய ஒளிந்து நிற்கும் ஓரினைப் பார்த்தான். "அட, அப்படியா சேதி!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பார்வையாம்! என் கை கன்னத்துக்குப் போகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். எப்படியோ தப்பித்தோம். போய்ஸி ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஏன் எரிச்சலாக வருகிறது?


செப்டம்பர் 23, செவ்வாய்

ஓரினுக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியைவிட இது நல்ல வேஷமாம். "எல்லாரும் நம்ம காதலைப் பாக்கறாங்க வெர்னா, யாரும் பணத்தைப் பாக்கறதில்ல!" இன்று மேசையில் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டான். என் சட்டை நன்றாக இருக்கிறது என்றான். இந்தச் சட்டை எட்டு வருஷமாக இதே அலமாரியில் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் டின் சூப். எதிரில் உட்கார்ந்து மேசையில் சீட்டைப் பரப்பிக்கொண்டான், பயிற்சிக்கு. "இது எத்தனை?" "ஏழு." "எட்டு வெர்னா, எட்டு." ஏழுதான். திருப்பி எண்ணிப் பார்த்தான், ஏழு. சரி என்றுகூடச் சொல்லவில்லை. அந்தத் தீவன வியாபாரியைக் கொஞ்சம் வீட்டுக்கு வரச் சொன்னால் தேவலை.

இன்னொரு கூத்து. நவம்பரில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு விடுதியில் வான்கோழி இலவசமாகத் தருகிறார்களாம், படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டான். கிளைடு ப்ரூயிட் என்று பொய்ப் பெயர். டெலிபோன் நம்பர்? நம் வீட்டு நம்பர்! "இல்லன்னா வான்கோழி வந்தாச்சுன்னு எப்படிச் சொல்லுவாங்க?" என்று என்னையே கேட்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன்.


செப்டம்பர் 26, வெள்ளி

பெண்கள் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேவிஸ் உள்ளே வந்தாள். இடைவேளை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நேராகவே ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணு சொன்னாக் கோச்சுக்க மாட்டியே கண்ணு? அந்த ஆளு கையில மோதிரம் இருக்கு."

"ஓ."

"ஓவா? வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ இந்நேரம் அந்த ஆளுக்குச் சமைச்சுக்கிட்டிருப்பா. துணி துவைச்சுக்கிட்டிருப்பா. அவளை நெனைச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்க்கவா! அந்தத் துணியைக் காலையில்தான் துவைத்துப் போட்டுவிட்டு வந்தேன். "அந்தம்மாவுக்கு அவரால பெருசா ஒண்ணும் சொகமில்லைன்னு நெனைக்கிறேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

மேவிஸின் முகம் சிவந்தது. "எல்லாத் திருடியும் சொல்றது அதான். என் வீட்டுக்காரனைக் கூட்டிக்கிட்டுப் போனவளும் இதையேதான் சொன்னா." கையைத் துடைத்த காகிதத்தைக் கூடையில் விட்டெறிந்துவிட்டுப் போனாள்.

நான் திருடி. என் புருஷனையே திருடியவள். திருடிக்கொண்டு போக அங்கே என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.


செப்டம்பர் 30, செவ்வாய்

மேவிஸ் இன்று என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. 'அம்மா' என்றாள். இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது?


அக்டோபர் 3, வெள்ளி

ஜெயித்தோம். நிறைய. காரில் ஓரின் பாடிக்கொண்டே வந்தான். எனக்குத் தலைவலி என்றேன். "தலைவலியோட எண்ணினா தப்பு வரும், பாத்துக்க" என்றான்.

வந்ததும் பெர்னீஸுக்குப் போன் போட்டேன். எப்போது வேண்டுமானாலும் வா என்றாள். இந்த இடம் கைவிட்டுப் போகும்வரை எதற்காகக் காத்திருக்கிறேன்? அடுத்த வாரமே போனால் என்ன?


அக்டோபர் 6, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மத்தியானம் ஓரின் டயர் மாற்றப் போயிருந்தான். நான் அலமாரியிலிருந்து துணிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மிஸஸ் ப்ரூயிட்டுங்களா?"

"அப்படி இங்க யாரும்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ப்ரூயிட். வான்கோழி. "ஆமா, சொல்லுங்க" என்றேன், எக்ஸ்சேஞ்ச் குரலில். அந்தக் குரல் இன்னும் தானாகவே வருகிறது.

"என்னை உங்களுக்குத் தெரியாதும்மா. பேரைச் சொல்லவும் முடியாது. சொன்னா என் வேலை போயிடும். இந்த நம்பரை எடுக்கவே நான் படாத பாடு பட்டேன்."

மேவிஸ்! முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு பொம்பளையோட பழகறாரு. வாரத்துல ரெண்டு நாள். நான் என் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்கும் யாராவது இப்படி முன்னாலேயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அதனாலதான் சொல்றேன்."

நான் என்ன சொல்ல வேண்டும்? அழ வேண்டுமா? "எப்படிப்பட்டவ?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத் தோன்றியது.

"ஒண்ணும் பெரிய ரதி இல்லம்மா. நம்ம வயசுதான். கடுகுப்பூ நெறத்துல ஒரு கம்பளிச் சட்டை, சகிக்காது. வாயைத் தொறந்தாப் பூனை புராணம். பொய் வேற சொல்லுவா."

பொறுத்துக்கொண்டேன்.

"ஆனா பொய் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். அவரு சும்மா விளையாட்டுக்குப் பழகற ஆளாத் தெரியல. அந்தப் பார்வை இருக்கே..."

எனக்கு எரிச்சல் பொங்கியது. பார்வை, பார்வை, பார்வை! "விளையாடும்போது பக்கத்துல இருக்கிறவங்களைப் பாக்கத்தானே செய்வாங்க?" என்றேன்.

"விளையாடும்போது விடுங்கம்மா. நான் சீட்டைக் கலைப்பேன். அப்ப யாருக்கும் எந்த வேலையும் இல்ல. ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். கையில இருக்கிற காசைத் தடவுவாங்க, இல்லன்னா மது கொண்டு வர்ற பொண்ணுங்களோட காலைப் பாப்பாங்க. இவரு அந்தப் பொம்பளையைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அவளுக்குத் தெரியவே தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. நான் கலைச்சு முடிக்கிற வரைக்கும் பாப்பாரு. என்னை யாரும் அப்படிப் பாத்ததில்லம்மா. அதான் உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு. இது சீக்கிரம் விட்டுப் போற விஷயம் இல்ல."

"கலைக்கும்போதா?" என்றேன்.

"ஆமா."

"பெட்டியில சீட்டே இல்லாதப்பவா? நல்லாப் பாத்தீங்களா? வெட்டுச் சீட்டு விழுந்ததுக்கு அப்புறமுமா?"

கேட்ட பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. எக்ஸ்சேஞ்ச் குரல் இல்லை, என் குரல்.  வெட்டுச் சீட்டு என்று வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் மிஸஸ் ப்ரூயிட்டுக்கு எப்படித் தெரியும்?

மேவிஸ் மெதுவாகச் சொன்னாள்: "நல்லாப் பாத்தேன். வெள்ளிக்கிழமை பாக்கலாம், கண்ணு."

வைத்துவிட்டாள்.


அக்டோபர் 7, செவ்வாய்

போகவில்லை. உடம்பு சரியில்லை என்றேன். போனைப் பற்றி ஓரினிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே அட்லாண்டிக் சிட்டிக்கு மூட்டை கட்டுவான்.

மேவிஸ் கார்வியிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? வெள்ளிக்கிழமை வாசலிலேயே இரண்டு பேர் நிற்பார்கள். பிறகு நான் போய்ஸிக்குப் போவேன். நான் போட்ட திட்டம்தானே? அப்படியே நடக்கிறது. அப்புறம் ஏன் காலையிலிருந்து இந்த மனுஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? சவரம்கூடச் சரியாகச் செய்யவில்லை. காதுக்குக் கீழே விட்டுவிட்டான்.

கடுகுப்பூ நிறம் இல்லை அது. தேன் நிறம்.


அக்டோபர் 10, வெள்ளி

வாசலில் யாரும் நிற்கவில்லை.

கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மோதிரம் இருந்தது. சர்க்கரை டப்பாவிலிருந்து இன்று நான்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"பூனைங்க எப்படி இருக்கு கண்ணு?" என்றாள்.

"எனக்குப் பூனையே கிடையாது" என்றேன்.

"அதான் பாத்தேன்."

இரண்டு ஆட்டம் போட்டாள். பெட்டி கிட்டத்தட்ட நிறைய இருந்தது. அப்படியே எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் கலைக்க ஆரம்பித்துவிட்டாள். மறுபடி இரண்டு ஆட்டம். மறுபடி கலைத்தாள். இப்படிக் கலைத்துக்கொண்டே இருந்தால் எண்ண என்ன இருக்கிறது? உலகத்தில் எந்தக் கொம்பனாலும் எண்ண முடியாது. காட்டிக் கொடுக்கவும் இல்லை, விளையாட விடவும் இல்லை. தூணுக்குப் பின்னால் ஓரினின் தொப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவித்தது.

கார்வி வந்து என்ன இது என்று கேட்டான். "சீட்டு பிசுபிசுன்னு ஒட்டுது கார்வி" என்றாள். அவன் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தாளு பொண்டாட்டி பாவம்னு நெனைச்சு உனக்காக நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன் தெரியுமா? போன்ல சொல்றதுக்கு முன்னால எத்தனை தடவை அழுதேன் தெரியுமா? வெட்கங்கெட்டவளே!"

"தெரியும். மன்னிச்சுக்க" என்றேன்.

"என் மேசையில இனிமே எண்ண முடியாது. மத்த மேசைக்குப் போனா நானே போய்ச் சொல்லிடுவேன்."

"சரி."

ஆக, இந்த இடமும் போயிற்று. நான் சொல்லி வைத்திருந்த அந்த நாள் வந்துவிட்டது. எழுந்து வர வேண்டியதுதான். ஆனால் நான் கன்னத்தில் கை வைத்தேன்.

ஓரின் ஓடி வந்தான். "இந்த நாற்காலி காலியா?" மூச்சு வாங்கியது. பெரிய பணத்தை எடுக்கப் போனவனிடம், "எங்க வீட்டுல பூனையே இல்லைங்க" என்றேன். குழம்பிப் போய் என்னைப் பார்த்தான். கணக்கு ஒன்றுமில்லை என்றால் ஏன் கூப்பிட்டாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. மேவிஸ் எல்லாச் சீட்டையும் வாரி எடுத்துக் கலைக்க ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை. ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பிரித்து, சேர்த்து, தட்டி அடுக்கி...

இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இமையைப் பாதி தாழ்த்திக்கொண்டு ஓரப் பார்வையாகப் பார்த்தேன்.

மேவிஸ் பொய் சொல்லவில்லை.

பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நிஜமாகவே கோபம். இத்தனை நாள், எல்லா விடுதியிலும், நான் கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம் இந்த மனுஷன் இப்படியா உட்கார்ந்திருந்தான்? அதில் ஒரு துளி வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன?

காரில் கேட்டேன். "அவ கலைக்கும்போது எங்க பாத்துக்கிட்டிருந்தே?"

"எங்க பாப்பேன்? உன்னைத்தான்."

"ஏன்?"

"ஏன்னா? வேற என்ன இருக்கு பாக்க?" என்றான் எரிச்சலோடு. "அதை விடு வெர்னா. இன்னிக்கு அந்தப் பொம்பளைக்கு என்ன கேடு வந்துச்சு, அதைச் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். போன், மேவிஸ், போய்ஸி, பெர்னீஸின் பின்னறை. போய்ஸி என்றதும் சாலையோரம் காரை நிறுத்தினான். நடுவழியில் அவன் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டான். 


அக்டோபர் 13, திங்கள்

ஓரினின் மூஞ்சி இன்னும் நேராகவில்லை. ஸ்பார்க்ஸில் ஒரு கடையில் டெலிவிஷன் பழுது பார்க்க ஆள் கேட்டிருக்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "தொப்பி போடாமத்தான் போனேன்" என்றான், என்னவோ எனக்குச் செய்த பெரிய உபகாரம் மாதிரி.


அக்டோபர் 19, ஞாயிறு

பெர்னீஸுக்குப் போன் செய்து, பின்னறையில் துணிக் கட்டுகளையே வைத்துக்கொள் என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்று திட்டினாள். இருக்கலாம். குளித்து வந்த ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போட்டிருக்கிறான். சூப் டின்னைத் திறந்து அப்படியே வைத்திருக்கிறான். எதுவும் மாறிவிடவில்லை.

சாப்பிட்ட பிறகு சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தான். வந்ததே எனக்குக் கோபம். "மறுபடியுமா?" என்றேன்.

"எண்ண வேண்டாம்" என்றான். "சும்மா ரம்மி போடலாம்."

கட்டை என் பக்கம் நீட்டினான். நான் அதை அவன் பக்கமே தள்ளினேன்.

"நீயே கலை" என்றேன். "நல்லாக் கலை. அவசரம் இல்லை."